303/25-க்கு அளவெடுத்துச் செய்த டை செட்: காசுக்குத் தகுமா?

303/25 துப்பாக்கி கையில் இருந்து, சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்தும் புல்லட்டும் போட்டு வீட்டிலேயே ரீலோட் செய்ய டை, அதாவது அச்சு, தேடிக்கொண்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெடிமேட் செட் வாங்காதீர்கள், மேலே கொஞ்சம் பணம் போட்டு உங்கள் துப்பாக்கியில் சுட்ட கேஸை, அதாவது பித்தளைக் கூட்டைக் கொடுத்து அளவெடுத்துச் செய்து வாங்குங்கள். நான் செய்து வாங்கியதில் மூன்று டை: கேஸின் கழுத்தைப் பாதி வழிக்குச் சுருக்க ஒன்று, கடைசி அளவுக்குக் கொண்டுவர ஒன்று, புல்லட்டை உட்கார வைக்க ஒன்று. செய்தவர் இங்கே ஆஸ்திரேலியாவில் தனி ஆளாகப் பட்டறை நடத்துகிறவர். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

இந்தத் தோட்டாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டால், அதன் பிறப்பே அப்படி. 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட .303-ன் கழுத்தை .25 அங்குல ரகப் புல்லட்டுக்குச் சுருக்கினால் அதுதான் 303/25. 1940-களில் ஆஸ்திரேலியாவில் பரவியது. லித்கோ ஊரில் செய்த லீ-என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கிகள் போருக்குப் பின் மலிவாகக் கிடைத்தன, ஆனால் நியூ சவுத் வேல்சில் ராணுவக் காலிபரைத் தனியார் வைத்துக்கொள்ள ஏகப்பட்ட கெடுபிடி. குழாயை மாற்றி 303/25 ஆக்கினால் அது ராணுவக் காலிபர் இல்லை, கங்காருவுக்கும் நரிக்கும் அருமையாகப் பொருந்தியும் போனது. மாற்றிக் கொடுத்ததோ ஊருக்கு ஊர் ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கிப் பட்டறைக்காரர்), தோட்டா உட்காரும் சேம்பரை வெட்ட ஆளுக்கொரு ரீமர். அதனால் என் துப்பாக்கியின் சேம்பரும் உங்கள் துப்பாக்கியின் சேம்பரும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. ரெடிமேட் டை செய்கிறவர் யாரோ ஒருவருடைய வரைபடத்தை வைத்துத்தான் செய்கிறார், அது உங்கள் சேம்பரோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

இதோடு .303 வம்சத்துக்கே உரிய ஒரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. இது அடியில் ரிம், அதாவது வெளியே நீண்ட விளிம்பு, உள்ள தோட்டா, சேம்பருக்குள் அதைப் பிடித்து நிறுத்துவது பின்னால் இருக்கும் ரிம்தான். ரிம் பிடித்துக்கொள்கிறதே என்று ராணுவ சேம்பர்களில் தோள் பக்கம் (கழுத்துக்குக் கீழே கேஸ் சரிகிற இடம்) தாராளமாக இடம் விட்டு வெட்டினார்கள், சேறும் தூசியும் ஒட்டின தோட்டாவும் உள்ளே போகவேண்டும் இல்லையா. அதே பாணியில் வெட்டிய 303/25 சேம்பர்களிலும் அந்த இடம் இருக்கும். லீ-என்ஃபீல்டின் போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) பூட்டிக்கொள்வதும் பின்பக்கம்தான், சுடும்போது கொஞ்சம் நெகிழும். ஆக ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை முன்னால் நீள்கிறது, கேஸ் முழுவதையும் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் முழுநீள சைசிங் டை அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மறுபடி நீள்கிறது. சில சுற்றுகளிலேயே ரிம்முக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, கடைசியில் கேஸ் இரண்டாகக் கழன்று முன்பாதி சேம்பருக்குள்ளேயே நின்றுவிடும்.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி மாதிரி மடக்கி, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் நுனி சட்டென்று மாட்டும். மாட்டினால் அந்தக் கேஸ் குப்பைக்கு. முதலில் வாங்கிய ரெடிமேட் டையில் சைஸ் செய்த கேஸையும் சைஸ் செய்யாததையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தோள் கீழே இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும், அளவுகோலே வேண்டாம். புது டை தோளைத் தொடுகிற அளவோடு நிறுத்திக்கொள்கிறது. போல்ட் மூடும்போது விரலில் லேசான ஒரு இறுக்கம் தெரிகிறது, அவ்வளவுதான். பலமுறை சுட்ட கேஸ்களில்கூட இதுவரை கிளிப் எதிலும் மாட்டவில்லை. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும்.

கேஸ் உருவாக்குவதும் இந்த செட்டில் சுலபம். புதிய .303 பித்தளை பிபியூ கம்பெனியுடையது தாராளமாகக் கிடைக்கிறது. .31 சொச்சம் அங்குலத்திலிருந்து .257 அங்குலத்துக்கு ஒரே இழுப்பில் இறக்கினால் கழுத்து கோணிக்கொள்ளும், தோள் மடங்கும். பாதி வழிக்குச் சுருக்கும் டை 7 மில்லிமீட்டர் சுமாரில் ஒருமுறை நிறுத்துவதால் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் மட்டும் அளவாகப் பூச வேண்டும். அதிகமானால் தோளில் குழி விழும், சுட்டால் சரியாகிவிடும்; குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டையைப் பொருத்தி அழுத்தும் பிரஸ் எதுவானாலும் பரவாயில்லை, என்னுடையது உள்ளூர் சிம்ப்ளெக்ஸ், கல்லு மாதிரி நிற்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாடக் கூடாது. கழுத்தைச் சுருக்கும்போது அதன் சுவர் தடிக்கும். தடித்த கழுத்து சேம்பரில் இறுகினால் புல்லட்டை விட்டுக்கொடுக்க இடமில்லை, அழுத்தம் எகிறும். சுட்ட கேஸின் வாயில் ஒரு புது புல்லட்டை விரலால் வைத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் இடம் இருக்கிறது. முறைத்தால் கழுத்தைக் கடைந்து மெலிதாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. இதைப் பற்றி செட்டோடு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. இவ்வளவு நேர்த்தியாக டை கடைகிற மனிதர் ஒரு பக்கம் எழுதி உள்ளே வைக்கக் கூடாதா? புதிதாக வருகிறவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்த குறை, புல்லட் உட்கார வைக்கும் டை. உள்ளே இருக்கும் தண்டின் குழி உருண்டை மூக்குப் புல்லட்டுக்குக் கடைந்தது. கூர்மூக்கில் போட்டால் நுனியில் வளையமாக ஒரு தழும்பு விழுகிறது, நேராகவும் உட்காருவதில்லை. கேட்டதும் வேறு தண்டு கடைந்து அனுப்பினார், காசு வாங்கவில்லை. ஆனால் எந்தப் புல்லட் என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருக்கலாம். சொன்ன தேதிக்கு வரவும் இல்லை, மாதக்கணக்கில் தள்ளிப் போனது, நாமே கூப்பிட்டால்தான் பதில்.

மற்றபடி பொருள் கிடைப்பதில் கஷ்டமில்லை. .257 புல்லட் என்பது 25-06, 257 ராபர்ட்ஸ் என்ற தோட்டாக்களுக்குப் போடும் அதே விட்டம், எடையில் 87 கிரெயினும் 100 கிரெயினும் எந்தக் கடையிலும் இருக்கும். பவுடர், அதாவது மருந்து, இங்கே முல்வாலாவில் செய்யும் ஏடிஐ பிராண்ட். அமெரிக்காவில் வார்கெட் என்று விற்பது இங்கே ஏஆர்2208. எவ்வளவு போடுவது என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன். அடுத்தவன் சேம்பரின் கணக்கு உங்கள் சேம்பருக்கு ஆகாது, அச்சிட்ட கையேட்டின் அடிமட்ட அளவிலிருந்து தொடங்குங்கள், துப்பாக்கியின் பழைய ஆக்‌ஷனை வேகத்துக்காக வருத்தாதீர்கள். லைசன்ஸ் இல்லாமல் பவுடரோ அதைப் பற்றவைக்கும் பிரைமரோ கேட்டால் கடைக்காரர் வாசலைக் காட்டுவார், அது நியாயம்தான்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு, அந்தச் சீட்டு வந்திருந்தால் நாலரை. வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்கிற துப்பாக்கி என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை, ரெடிமேட் டையைத் தோளில் இடிக்காதபடி கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக் கழுத்தை மட்டும் சைஸ் செய்துகொள்ளலாம். வாங்குவதென்று முடிவு செய்தால், அளவெடுக்கக் கொடுக்கும் கேஸ்கள் எல்லாம் அதே துப்பாக்கியில் சுட்டதாகவும், சுட்ட பின் எந்த டைக்குள்ளும் போகாததாகவும் இருக்கட்டும். எந்தப் புல்லட் போடப்போகிறீர்களோ அதில் ஒன்றிரண்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.