கோதுமைப்புல் சாறா, முருங்கைக்கீரையா?

அம்மாவுக்கு ரத்தசோகை என்றதும் அக்கம்பக்கத்தார் சொன்ன முதல் வைத்தியம் கோதுமைப்புல் சாறு. நான்கு மாதம் வீட்டிலேயே தட்டுகளில் புல் வளர்த்துச் சாறு பிழிந்து கொடுத்தேன். இப்போது தட்டுகள் பரண்மேல் இருக்கின்றன. அடுப்பில் முருங்கைக்கீரை வேகிறது.

சாற்றைப் 'பச்சை ரத்தம்' என்கிறார்கள். பச்சையமும் ஹீமோகுளோபினில் உள்ள ஹீமும் அமைப்பில் ஒத்தவை என்பது உண்மைதான். ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். ரத்தத்துக்கு வேண்டியது இரும்பு. 30 மி.லி. சாற்றில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. 100 கிராம் பச்சை முருங்கையிலையில் நான்கு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, கால்சியமும் வைட்டமின் ஏ-யும் தாராளம். பெருங்குடல் புண்ணுக்குச் சாறு உதவியதாக 2002இல் இஸ்ரேலில் ஒரு சோதனை வந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 23 பேர்தான். தன் வைத்திய முறை நீரிழிவுக்காரர்களின் இன்சுலின் தேவையைக் குறைக்கும் என்று சொன்னதற்காக, இச்சாற்றைப் பரப்பிய ஆன் விக்மோர் மீது 1982இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வழக்கே போட்டது.

சத்துக் கணக்கு கிடக்கட்டும். என்னை மாற வைத்தது பராமரிப்பு. தினமும் சாறு வேண்டுமென்றால் ஏழெட்டுத் தட்டுகள் வரிசையில் இருக்க வேண்டும்: ஒன்றுக்குக் கோதுமை ஊறும், ஒன்று முளைக்கும், ஒன்று அறுப்புக்கு நிற்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனால் எல்லாம் பாழ். ஐப்பசி மழையில் வேரருகே வெள்ளையாக ஏதோ படரும். வேர்த்தூவியா, பூஞ்சணமா என்று குனிந்து முகர்ந்து பார்ப்பேன். புழுங்கல் வாடை அடித்தால் தட்டோடு குப்பைக்குத்தான். பச்சையாகக் குடிக்கும் சாறாயிற்றே, கொதிக்க வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

முருங்கைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு போத்தை நட்டால் போதும். ஆய்வதுதான் வேலை, அதற்கும் அம்மா கொத்துகளை இரவில் துணியில் சுற்றி வைத்துவிடுவார், காலையில் உதறினால் பாதி இலை தானாக உதிரும். மழைக்காலத்தில் மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறுவது உண்மையான தொல்லை, அதை மறைக்க மாட்டேன்.

அம்மாவின் ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது. அவர் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டார். அதனால் அதைக் கீரையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் சாற்றையோ கீரையையோ திடீரென்று தினசரி வழக்கமாக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். பச்சை இலைகளின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.