வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு: கவுண்டரில் தலையில் கட்டும் கூடுதல் காப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் அப்படியே ஒரு காரை வாடகைக்கு எடுத்து நாலு ஊர் சுற்றிவிட்டு வருகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். 315 யூரோ, நம் காசில் 30,000 ரூபாய்க்கு மேல், தேவையே இல்லாமல் கட்டிவிட்டு வந்தோம். அடுத்துப் போகிறவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தங்கை ஜெர்மனியில் இருக்கிறாள். அப்பச்சிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, 74 வயது. எங்கள் வீட்டு முகப்பில் பதித்திருக்கும் சலவைக்கல் இத்தாலியில் இருந்து கப்பலில் வந்தது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். அந்தக் கல் வெட்டுகிற கராரா மலையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் பீசா நகருக்கு விமானத்தில் போய், அங்கே 9 நாளைக்குக் கார் எடுப்பதாக ஏற்பாடு. ஊரில் இருந்தபடியே இணையத்தில் 234 யூரோ கட்டிப் பதிவு செய்திருந்தேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி, ஒரு வருடம் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. காருக்குச் சேதம் வந்தால் நம் கையில் இருந்து போகும் தொகைக்கு, பதிவு செய்த தளத்திலேயே 52 யூரோவுக்குத் தனிக் காப்பீடும் எடுத்திருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் போனோம்.

இறங்கும்போது இரவு பத்தரை மணி. வாடகைக் கார் கவுண்டரில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) முழங்கால் வலி, பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "முழுக் காப்பீடு போட்டுவிடட்டுமா?" என்பது. ஏற்கெனவே எடுத்திருக்கிறேன் என்று தாளை நீட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது இங்கே செல்லாது" என்றார்.

இந்தச் சொல்லில்தான் சூது இருக்கிறது. வெளியில் எடுத்த காப்பீட்டை அந்த நிறுவனம் ஏற்றுக்கொள்ளாது என்பது உண்மை. சேதம் ஆனால் முதலில் நாம் நம் கார்டில் கட்ட வேண்டும், பிறகு ரசீதைக் காட்டிக் காப்பீட்டுக்காரர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அது அப்படித்தான் வேலை செய்யும். அதைச் சொல்லாமல் ‘செல்லாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால், கேட்பவருக்கு நாம் ஏமாந்துவிட்டோமோ என்று பயம் வந்துவிடும். எனக்கு வந்தது.

அடுத்தது, "இத்தாலியில் காப்பீடு சட்டப்படி கட்டாயம்." அதுவும் பாதிதான் உண்மை. கட்டாயம் என்பது மூன்றாம் நபருக்கான காப்பீடு. அது வாடகையிலேயே சேர்ந்திருக்கிறது. நான் பதிவு செய்த வாடகையில் மோதல் சேதத்துக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆனால் சேதத்தில் முதல் 1,800 யூரோ வரை நம் பொறுப்பு. அந்த 1,800-ஐச் சுழியமாக்குவதற்குத்தான் நாளுக்கு 29 யூரோ கேட்டார். அதற்குத்தான் நான் 52 யூரோ கட்டி வைத்திருந்தேன்.

வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். "சரி, அப்படியானால் 1,800 யூரோ உங்கள் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைக்க வேண்டும்" என்றார். அதாவது, கார் திரும்பும் வரை கார்டில் அந்த அளவு தொகையை முடக்கி வைப்பார்கள். அன்றைய விலைக்கு ஏறத்தாழ 1,62,000 ரூபாய். என் கார்டின் வரம்பு 2 லட்சம். ஓட்டலுக்கும் டிக்கெட்டுக்கும் அதிலேயே செலவழித்திருந்தேன். மெஷின் மறுத்துவிட்டது. தங்கை தன் கார்டை நீட்டினாள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஓட்டுநர் பெயரில்தான் கார்டு இருக்க வேண்டும் என்றார். அவள் கார் ஓட்டுவதில்லை. "எங்கள் காப்பீட்டை எடுத்தால் 300 யூரோ நிறுத்தினால் போதும். இல்லையென்றால் கார் தர முடியாது, கட்டிய வாடகையும் திரும்பாது." சொல்லிவிட்டு ஆத்தா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்து, "பெரியவர்கள் வேறு இருக்கிறார்கள், மலைப் பாதை வேறு" என்று இரக்கப்படுவது போலச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான்.

கையெழுத்துப் போட்டேன். எப்படி என்றால், கையகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பலகை, கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் குச்சி. "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று அவர் விரல் காட்ட, மூன்று தடவை கிறுக்கினேன். பலகையில் கையெழுத்துக்கான கோடு மட்டும்தான் தெரிந்தது, தொகை தெரியவில்லை. கார்டு மெஷினில் ‘ரூபாயா, யூரோவா’ என்று வந்ததற்கும் அவரே ரூபாய் என்று அழுத்திவிட்டார். அந்தந்த நாட்டு நாணயத்தில் கட்டினால்தான் நமக்கு லாபம். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. அன்றைய விலைக்கு 28,000 சொச்சம் வர வேண்டியது, 30,400 ஆனது.

ஓட்டலுக்குப் போய் மின்னஞ்சலைத் திறந்தால், காப்பீட்டுக்குக் கீழே இன்னொரு வரி: வழியுதவிச் சேவை (வழியில் கார் நின்றுபோனால் வந்து உதவுவது), நாளுக்கு 6 யூரோ. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இரண்டும் சேர்த்து நாளுக்கு 35, ஒன்பது நாளைக்கு 315. காரின் வாடகையை விட அதிகம். அப்பச்சி இளவயதில் மலேசியாவில் ஈப்போ நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தொகையைப் பாக்காமயா கையெழுத்துப் போட்டே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

காரை ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்தோம். ஊருக்கு வந்து இரண்டு முறை எழுதினேன். ‘நீங்களே விரும்பிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்’ என்பதே பதில். ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் கேட்கலாமா என்று தங்கை பார்த்தாள். அது அங்கே குடியிருப்பவர்களுக்கான சேவை, ஒப்பந்தமோ என் பெயரில். இத்தனைக்கும் ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் விலையையும் காப்பீட்டையும் தெளிவாகச் சொல்ல ஒப்புக்கொண்டதாக ஐரோப்பிய ஆணையம் 2017-லேயே அறிவித்திருக்கிறது. அவ்வளவு பழைய புகார் இது.

போகிறவர்கள் முதலில் கார்டைப் பாருங்கள். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு, அதில் நிறுத்தி வைக்கும் தொகைக்கு மேல் இடம், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருப்பது. கார்டில் அந்த இடம் இல்லாததால்தான் நான் மாட்டினேன். எவ்வளவு நிறுத்துவார்கள் என்பது பதிவு செய்யும் பக்கத்தின் நிபந்தனைகளில் இருக்கும். கார்டில் அவ்வளவு வரம்பு இல்லையென்றால் பொறுப்புத் தொகையே இல்லாத வாடகையை வீட்டில் இருந்தே விலை பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள், இரவு பத்தரை மணிக்குக் கவுண்டரில் முடிவு செய்ய வேண்டாம். டயர், கண்ணாடி, அடிப்பகுதிச் சேதம் பல காப்பீடுகளில் சேராது, அதையும் படியுங்கள். ஃபிளாரன்ஸ் மாதிரி ஊர்களில் பழைய நகருக்குள் அனுமதியில்லாமல் கார் நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் வரும். அதற்கு எந்தக் காப்பீடும் உதவாது. கார் எடுக்கும்போதும் விடும்போதும் சக்கரம் வரைக்கும் வீடியோ எடுங்கள்.

போன மாதம் எங்கள் பங்காளி வீட்டுத் தம்பி இதே மாதிரி ஒரு கவுண்டரில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தான். "அண்ணே, செல்லாதுங்கிறாங்க." மொத்தத் தொகையைத் தாளில் அச்சடித்துக் கேள், எந்த வரி கட்டாயம், எந்த வரி விருப்பம் என்று எழுதித் தரச் சொல் என்றேன். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றிருக்கிறான். 1,500 யூரோவை நிறுத்தி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்கள். காரைத் திருப்பி விட்ட எட்டாம் நாள் அந்தத் தொகையும் விடுபட்டுவிட்டது.