பி25 டைட்டானியம் டைஆக்சைடு: பொடி சரி, 21 நானோமீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள்

உலோக ஆக்சைடு நானோத்துகளின் நச்சை எலிகளில் சோதிக்கிறவர்கள் அதிகம் வாங்கும் பொடிகளில் இது ஒன்று. டெகுசா காலத்துச் சரக்கு. இப்போது எவோனிக் விற்கிறது. ஏறத்தாழ 80 சதவீதம் அனடேஸ், மீதி பெரும்பாலும் ரூட்டைல்; இரண்டும் டைட்டானியம் டைஆக்சைடின் படிக வடிவங்கள். கிராமுக்குச் சுமார் 50 சதுர மீட்டர் பரப்பு. தனித்துகளின் அளவு சுமார் 21 நானோமீட்டர் என்பார்கள்.

இதன் பெரிய பலம், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவு நிறையக் கிடப்பதுதான். 1995-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், கனமீட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டு சுவாசித்த பெண் எலிகளுக்கு நுரையீரல் கட்டி வந்தது இந்தப் பொடியால்தான். சுண்டெலிகளில் கட்டி அப்படிக் கூடவில்லை. எந்த விலங்கில் சோதிக்கிறோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

குறை எங்கே என்றால், நீரில் கலந்ததும் திரண்டுகொள்ளும். நடுநிலை பிஎச் அருகே துகள்களுக்கு விலக்கும் மின்னூட்டம் போதாது. நானோஜெனோடாக்ஸ் என்ற ஐரோப்பியத் திட்டத்தின் நெறிமுறை கைகொடுக்கும்: 15.36 மில்லிகிராம் பொடியை 30 மைக்ரோலிட்டர் எத்தனாலில் நனைத்து, 0.05% பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) கரைசல் 5.97 மில்லிலிட்டர் சேர்த்து, பனிக்கட்டி நீரில் வைத்து 16 நிமிடம் புரோப் சோனிகேட்டர் (முனையை உள்ளே விட்டு மீயொலியால் திரளை உடைக்கும் கருவி). அப்படியும், ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைக் கணிக்கும் டிஎல்எஸ் கருவி 100 நானோமீட்டருக்கு மேல்தான் காட்டும்.

இன்னொரு சிக்கல் டோஸ். இந்தக் கலவை மில்லிலிட்டருக்கு 2.56 மில்லிகிராம். 250 கிராம் எலிக்கு 2.5 மில்லிலிட்டர் புகட்டினால் 6.4 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 25.6. கிலோவுக்கு 300 வேண்டும் என்று பொடியை மேலும் கொட்டினால் சிரிஞ்சின் அடியிலேயே படியும். கடைசி எலிக்கு என்ன போனது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்க வேண்டும்.

சோனிகேட்டர் முனையும் பெரும்பாலும் டைட்டானியம் கலவைதான், தேய்ந்து கரைசலில் உதிரும். ஆகவே பொடி கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவின் கரைசலுக்கும் அதே எத்தனால், அதே பிஎஸ்ஏ, அதே 16 நிமிடம். திசுவில் டைட்டானியம் அளக்க நைட்ரிக் அமிலம் மட்டும் போதாது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் கையாளும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

டைட்டானியம் டைஆக்சைடு உணவு நிறமியான இ171 பற்றிய ஆய்வுக்கு இதை வாங்காதீர்கள். அதன் துகள்கள் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு பெரியவை. அதற்கு இ171-ஐயே வாங்க வேண்டும்.