240 வாட் டவரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: நீடாமங்கலத்தில் மூன்று வருடம்

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குத் தெரியும், மொத்த வேலையிலும் கஷ்டமான இடம் தாலி கட்டும் அந்தச் சில விநாடிகள்தான். கெட்டிமேளம் கொட்டும்போது எந்த ஃபிரேமில் வெட்டுவது என்று தேடிக்கொண்டிருப்போம். தவில் அடி காதில் விழும். திரையில் மாப்பிள்ளையின் கை இன்னும் மாலைக்குப் பின்னாலேயே நிற்கும். கலர் கரெக்‌ஷன் போட்ட பிறகு என் கம்ப்யூட்டரில் படம் இப்படித்தான் திக்கித் திக்கி ஓடியது. அட்சதை விழுவதும் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போவதும் ஒன்றாக அமைய வேண்டும். அதைச் சரியாகப் பார்க்க முடியாமல் குத்துமதிப்பாக வெட்டுவேன். எக்ஸ்போர்ட் முடிந்து ஓடவிட்டுப் பார்த்தால்தான் சரியா தவறா என்றே தெரியும். தவறு என்றால் மறுபடி ஒரு ராத்திரி.

நீடாமங்கலத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாடியில் எடிட்டிங் அறை, பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வயல். மெஷின், ஆபீஸ்களுக்காக ஒரு கம்பெனி மொத்தமாகச் செய்து விற்ற டவர், அதாவது நிமிர்ந்து நிற்கும் கம்ப்யூட்டர் பெட்டி. 2020இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐ5-6500 பிராசசர், 8 ஜிபி ரேம். அப்புறம் ரேமை 16 ஆக்கி, ஒரு எஸ்எஸ்டி போட்டேன். கிராபிக்ஸுக்குப் பிராசசரோடு சேர்ந்து வந்த இன்டெல் எச்டி 530 மட்டும்தான். படம் திக்காமல் ஓட, தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். 2021இல் புதுக் கார்டு வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டி மைனிங் செய்கிறவர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள், சிப் தட்டுப்பாடு வேறு. அதனால் கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் கழற்றி வைத்திருந்த ஜிடிஎக்ஸ் 960ஐ 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2015இல் வந்த கார்டு, 120 வாட் இழுக்கும். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். மீதிக்குப் பவர் சப்ளையிலிருந்து 6 பின் கேபிள் தனியாக வர வேண்டும். என் டவரில் அந்தக் கேபிளே கிடையாது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் போதும் என்றார்கள். போட்டேன். இரண்டு மாதம் ஒழுங்காகவே ஓடியது.

ஆவணியில் அடுத்தடுத்து முகூர்த்தம். ஒரு ராத்திரி எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தபோது மெஷின் பொட்டென்று நின்றது. வயர் கருகும் வாடை. மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், சாட்டா கனெக்டரில் 12 வோல்ட் பின்கள் இருக்கும் ஓரம் மட்டும் இளகி வளைந்து, ஒரு பின் வெளியே தெரிந்தது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பக்கம் மூன்று பின், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். 6 பின் கேபிள் 75 வாட் வரை தர வேண்டியது. நடுவில் உள்ள அந்த 21 வாட்டைப் பிளாஸ்டிக்தான் சூடாகத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்கில் இருந்த மூன்று கல்யாணங்களும் பிழைத்தன. அந்த அடாப்டரை யார் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

பவர் சப்ளையையே பெரிதாக மாற்றிவிடலாமே என்று மன்னார்குடியில் சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கேட்டேன். அவர் உள்ளே காட்டிச் சொன்னார்: “அண்ணே, இது அசெம்பிள் பண்ண மெஷின் இல்ல. போர்டுக்குப் போறது 24 பின் கிடையாது, பாருங்க, 8 பின். கடையில வாங்குற சப்ளை இதுல நேரா உக்காராது. இருக்குற சப்ளை என்ன குடுக்குதோ அதுக்குள்ளதான் கார்டு.” 24 பின்னை 8 ஆக்கும் கேபிளும் கிடைக்கத்தான் செய்கிறது. ஒருமுறை கருகியதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

அவர் சொன்ன வழியிலேயே கணக்குப் போட்டேன். சப்ளையின் லேபிளில் 240 வாட். பிராசசருக்கு 65. டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாவற்றுக்கும் தாராளமாக 40 வைத்தாலும், 75 வாட் கார்டு போட்ட பிறகு 60 வாட் மிச்சம் இருக்கும். ஸ்லாட்டில் வரும் மின்சாரத்திலேயே ஓடும் கார்டு என்றால் தேர்வு சுருங்கிவிடுகிறது. ஜிடி 1030க்கு 30 வாட்தான், ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் கிடையாது. ஆர்எக்ஸ் 6400இலும் என்கோடர் இல்லை. அது ஸ்லாட்டோடு நான்கு லேனில் (தகவல் போகும் பாதையில்) மட்டுமே பேசும் கார்டு என்பதால் என்னுடையது போன்ற பழைய ஸ்லாட்டில் இன்னும் தளர்ந்துவிடும். மிஞ்சியது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஜிடிஎக்ஸ் 1650. இதில் 1650ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்று சந்தோஷப்படுகிறேன். 1050 டிஐ உட்பட்ட பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் அப்டேட்டை, இந்தக் கார்டுகளின் சிப்பைச் செய்யும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது.

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. விலை இறங்கியது. நவம்பரில் சென்னை ரிச்சி தெருவில் 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடக் கொடுத்து மச்சான் வாங்கி, மன்னை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒரே ஃபேன், குட்டைக் கார்டு, 4 ஜிபி. 1650இலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு. பெட்டிப் படத்தில் கார்டின் மேல் ஓரத்தைப் பார்த்து வாங்கச் சொல்லி இரண்டு முறை போன் செய்தேன்.

மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஆபீஸ் டவர்களில் ஸ்குரூ அதிகம் இல்லை, தாழ்ப்பாள் மாதிரி ஒன்றைத் திறந்து பின்பக்கத் தகடு இரண்டை எடுத்தால் போதும். ஆனால் ஆன் செய்தால் திரை கருப்பு. கார்டு செத்துப்போய் வந்துவிட்டதோ என்று அரை மணி நேரம் தவித்தேன். விஷயம் இதுதான்: என் மானிட்டர் விஜிஏ கேபிளில் மதர்போர்டோடு இணைந்திருந்தது. கார்டைப் பார்த்ததும் மெஷின் உள் கிராபிக்ஸை நிறுத்திவிட்டது. 1650இல் விஜிஏ கிடையாது, அதன் டிவிஐ துளையிலும் விஜிஏ சிக்னல் வராது. மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்ததால் கேபிளோடு போயிற்று. பழைய மானிட்டர் வைத்திருப்பவர்கள் கார்டோடு சேர்த்து இதையும் பார்த்துவையுங்கள்.

பலன் என்ன? எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் கலர் கரெக்‌ஷன், லட் (நிறத்தை மாற்றும் கோப்பு), டிரான்சிஷன் எல்லாம் போட்ட டைம்லைன் நிற்காமல் ஓடியது. மாற்றிய மறுநாள் ஒரு வலங்கைமான் கல்யாணத்தைத் திறந்தேன். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும்போது மணப்பெண் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பத்து தடவை ஓட்டிப் பார்த்திருந்தும் அந்தக் கண்ணிமைப்பை அதுவரை நான் பார்த்ததே இல்லை. விழுந்துபோன ஃபிரேம்களில் அது காணாமல் போயிருந்தது. அந்த வீடியோவில் அதைத்தான் முதல் காட்சியாக வைத்தேன்.

இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய முன்பு ஐந்து மணி நேரம் ஆகும், இப்போது ஒன்றரை மணிக்குள் முடிகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: என்கோடிங் வேலையை, பிராசசரோடு வரும் இன்டெல்லின் குயிக் சிங்க்கும் நன்றாகவே செய்யும். இழுத்தடித்தது கலர் வேலைதான், அதைத்தான் கார்டு தூக்கிக்கொண்டது. ஆடும் ஷாட்டை நிலைநிறுத்தும் வார்ப் ஸ்டெபிலைசர் ஒரு துளிகூட வேகமாகவில்லை. அதன் ஆராய்ச்சிப் பகுதி பிராசசரில் நடக்கிறது, நாலு கோர் நாலு கோர்தான்.

இனி நம் ஊர் சமாசாரம். சம்பா அறுப்பு மிஷின் வயலில் இறங்கினால் தை, மாசி முழுக்கக் காற்றில் சுணை. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வரும். முதல் வருடம் கவனிக்கவில்லை. பங்குனியில் கார்டின் சூடு 84 டிகிரிக்குப் போய், ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. கழற்றி ஃபேனை எடுத்தால், ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளித் துணி போல ஒரு படலம். அதை விரலால் வழித்து எடுத்தபோது முழுசாக ஒரே பட்டையாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சாம்பல் நிறத்துக்குள் நெல் சுணை பொன்னாக மின்னியது. சுத்தம் செய்ததும் 72 டிகிரி. அதிலிருந்து மாசிக் கடைசியில் ஒருமுறை, ஐப்பசி அடைமழைக்கு முன் ஒருமுறை புளோயர் அடிக்கிறேன். அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் போய்விடும். மூன்றாம் வருடம் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன், இன்னும் ஆறு டிகிரி குறைந்தது.

இன்னொன்று. 960ஐக் கழற்றிய பிறகு பின்பக்கத் தகடுகளை ஒரு வருடம் போல மாட்டாமலே விட்டிருந்தேன். அந்த இடைவெளியில் பல்லி புகுந்து, 1650 வாங்கி மாட்டப் போகும்போது ஸ்லாட்டுக்கு ஓரமாக இரண்டு முட்டை இருந்தன. பல்லி சர்க்யூட்டில் குறுக்கே கிடந்தால் போர்டே போய்விடும். எந்தத் துளையையும் திறந்துவிடாதீர்கள்.

கரண்ட் பிரச்சினைதான் பெரியது. சுற்றிலும் பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் டியூப்லைட்டே கண் சிமிட்டும். 600 விஏ யுபிஎஸ் 360 வாட் தாங்கும், லோடு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் கரண்ட் போய் வீட்டு இன்வர்ட்டருக்கு மாறும் கணத்தில் மெஷின் அணைந்துவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டருக்கும் இந்த வகைச் சப்ளைக்கும் ஒத்துவரவில்லை. சைன் வேவ் இன்வர்ட்டருக்கு மாற்றினேன். அதன் பிறகு ஒரு எக்ஸ்போர்ட்கூட நடுவில் அறுந்ததில்லை. கார்டுக்குச் செலவழித்த அளவு பணம் இதற்கும் ஆனது. எனக்கு இரண்டும் ஒரே செலவுதான்.

இப்போது எல்லை தெரிய ஆரம்பித்திருக்கிறது. புதுக் கேமராவில், நிற விவரம் அதிகம் உள்ள 10 பிட் 4:2:2 எச்இவிசி வடிவத்தில் எடுக்கிறோம். அந்த வகைக் கோப்பை 1650ஆல் டிகோட் செய்ய முடியாது; என்விடியாவில் அந்த வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. ராத்திரியே பிராக்ஸி (எடிட் செய்வதற்கான லேசான நகல்) போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன், காலையில் வேலை ஓடுகிறது. விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, என் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இந்தச் சப்ளையில் தாராளமாக உட்காரும். ஆனால் இந்த நாலு கோருக்கு அதை வாங்கிப் போடுவது வீண். அடுத்த செலவு மெஷினுக்குத்தான், அதுவரை 1650 இருக்கட்டும்.

இதே மாதிரி டவர் வைத்துக்கொண்டு கேட்கிறவர்களிடம், மூடியைக் கழற்றிச் சப்ளை லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். போன வாரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தம்பி அனுப்பினார். 180 வாட், படுக்கை வாட்டப் பெட்டி, கார்டு பாதி உயரம்தான் போகும். அவர் ஏற்கெனவே முழு உயரக் கார்டுக்கு ஆர்டர் போட்டிருந்தார். அன்று சாயங்காலமே கேன்சல் செய்துவிட்டு, பாதி உயரத் தகட்டோடு வரும் 1650 தேடிக்கொண்டிருக்கிறார்.