ஐநேச்சுரலிஸ்ட் செயலி: பேர் தெரியாத சிற்றுயிர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

நத்தை, மரவட்டை, சிலந்தி என்று யாரும் கண்டுகொள்ளாத உயிர்களைப் பதிவு செய்ய இலவசமாகக் கிடைப்பதில் இதுதான் சிறந்தது. 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2023 முதல் தனித்து இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு. படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, படத்தைப் பார்த்து அடையாளம் சொன்ன பயனர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறும். பதிவின் உரிமம் CC0, CC BY, CC BY-NC என்ற திறந்த உரிமங்களில் ஒன்றாக இருந்தால், அது ஆய்வாளர்கள் எடுத்தாளும் ஜிபிஃப் தரவுத்தளத்துக்கும் போகும்.

அரிய இனம் என்று வரும்போதுதான் சிக்கல். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதி, போதிய படங்கள் சேர்ந்த இனங்களை மட்டுமே கற்றிருக்கிறது. கற்காததைக் காட்டினால், எங்கும் கிடைக்கும் உறவினத்தின் பெயரை நீட்டும். அதையே நீங்கள் அழுத்த, இன்னொருவரும் ஆமோதித்தால், அரிய நத்தை சாதாரண நத்தையின் கணக்கில் சேர்ந்துவிடும். உறுதியில்லையென்றால் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதி) நிறுத்துங்கள். அதற்கும் மேலே, பல பேரினங்கள் அடங்கிய குடும்பத்தின் பெயரோடு நிறுத்தினாலும் தப்பில்லை.

நத்தை ஓட்டுக்கு மூன்று படம் வேண்டும்: வாய் நேரே தெரிய ஒன்று, உச்சியிலிருந்து ஒன்று, அடியிலுள்ள தொப்புள் குழி தெரிய ஒன்று. பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். பல மரவட்டைகளில் ஆணின் இனப்பெருக்கக் கால்களையும், பல சிலந்திகளில் பிறப்புறுப்பையும் நுண்ணோக்கியில் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. அத்தகைய பதிவில், மற்றவர்களும் பேரினத்தை ஒத்துக்கொண்டிருந்தால், இதற்கு மேல் துல்லியமாக்க முடியாது என்று வலைத்தளத்தில் குறிக்கலாம். பேரின அளவிலேயே ஆய்வுத் தரம் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள், அதில் இடமும் நேரமும் அழிந்திருக்கும். இடம் எவ்வளவு துல்லியம் என்று வரைபடத்தில் காட்டும் வட்டத்தையும் கவனியுங்கள். ஒரே ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்றில் வாழும் நத்தைக்கு 5 கி.மீ. வட்டம் போட்டால் அந்தப் பதிவால் குன்றைக் காப்பாற்ற முடியாது.

எங்களுக்குப் பெரிய கவலை இட மறைப்புதான். அழிவாபத்தில் உள்ளதாகப் பட்டியலில் ஏறிய இனமென்றால், 0.2 பாகைக் கட்டத்துக்குள் (நிலநடுக்கோட்டில் பக்கத்துக்குச் சுமார் 22 கி.மீ.) எங்கோ ஒரு புள்ளியைச் செயலி பெரும்பாலும் தானாகவே காட்டும். ஆனால் பெயரிடப்பட்ட சுமார் 10 லட்சம் பூச்சியினங்களில் அழிவாபத்தை மதிப்பிடும் ஐ.யு.சி.என் அமைப்பின் சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்பட்டவை நூற்றுக்கு ஒன்று அளவுதான். மதிப்பிடாததன் இடம் அப்படியே வெளியே தெரியும். டாரன்டுலா, கொம்பு வண்டு போன்றவற்றைப் பிடித்து விற்பவர்களுக்கு அது போதும். ஏற்றும்போதே மறைப்பைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பில் இடப்பெயரை எழுதிவிட்டால் மறைத்தும் பயனில்லை.

மறைத்த பதிவு ஜிபிஃபுக்கும் அந்த மாற்றுப் புள்ளியோடுதான் போகிறது. பாதுகாப்புப் பணி செய்வோருக்குச் சரியான இடம் தேவைப்பட்டால், அவர்கள் செயலியில் நடத்தும் திட்டத்தில் சேர்ந்து, மறைத்த இடத்தைப் பார்க்க நீங்களே அனுமதி தர வேண்டும்.