மாம்பழக்கூழ் ஆலையில் அனலாக் இன்புட் கார்டு: பல பருவங்கள் பார்த்த பிறகு

சித்தூர் மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகள் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. மே மாதக் கடைசியில் தோத்தாபுரி வரத்து தொடங்கிவிட்டால் இரவு பகல் பார்க்காத ஓட்டம். வரத்து நின்றதும் கொய்யா, தக்காளி என்று கொஞ்ச காலம் போகும். பிறகு பேனல்கள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். பரதராமியைத் தாண்டி, தமிழக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்படியொரு ஆலையில் கருவிப் பராமரிப்பு என் பொறுப்பு. எங்கள் ஷிஃப்டில் குடியாத்தம், காட்பாடிக்காரர்கள் பாதி, தெலுங்கு பேசுபவர்கள் பாதி. கேட்டுக்கு வெளியே பழ லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது, ஆலையை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியில் ஒரு அளவு தவறாகக் காட்டினால் அதற்கான விலை உடனே தெரிந்துவிடும். அதனால், சென்சார்களின் சிக்னலை பிஎல்சிக்கு எண்ணாக மாற்றித் தரும் அனலாக் இன்புட் கார்டு வாங்குவதிலும் பொருத்துவதிலும் எனக்கு உறுதியான கருத்துகள் உண்டு.

விலைப்புள்ளி கேட்டால் விற்பனையாளர் முதலில் சொல்வது பிட் கணக்கைத்தான், அதாவது கார்டு ஒரு அளவை எவ்வளவு நுண்ணிய படிகளாகப் பிரிக்கும் என்பதை. 12 பிட், 13 பிட், 16 பிட். எங்களைப் போன்ற ஆலைக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கணக்கு எளிது. 0 முதல் 150 டிகிரி வரை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் ஒரு வெப்பநிலை டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வீச்சுக்கும் 12 பிட் கிடைத்தால் ஒரு படி சுமார் 0.04 டிகிரி. ஆனால் அதன் முனையில் இருக்கும், சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிடி100 சென்சார் 'ஏ' வகுப்பாக இருந்தாலும் 100 டிகிரியில் 0.35 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். 'பி' வகுப்பு என்றால் 0.8 டிகிரி வரை. சென்சாரே அவ்வளவு விலகும்போது கார்டில் நான்கு பிட் கூட்டி வாங்கி என்ன பயன்? அந்தப் பணத்தை வேறு இரண்டு வசதிகளுக்குக் கொடுக்கலாம். ஒன்று, ஒவ்வொரு சேனலும், அதாவது கார்டுக்குள் ஒரு அளவு நுழையும் வழியும், மற்றொன்றிலிருந்து மின்சார ரீதியாகத் தனித்திருப்பது. மற்றொன்று, கம்பி அறுந்தால் எந்தச் சேனல் என்று கார்டே சொல்வது.

முதல் வசதியின் அருமையை எங்களுக்குக் காட்டியது சிஐபி என்று நாங்கள் சொல்லும் உட்புறக் கழுவல். குழாய்களைக் காஸ்டிக் சோடா கரைசலால் கழுவி, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். திரும்பி வரும் நீரின் கண்டக்டிவிட்டி, அதாவது மின்கடத்தும் திறன், நல்ல தண்ணீரின் அளவுக்கு இறங்கினால்தான் காஸ்டிக் போய்விட்டது என்று பிஎல்சி ஏற்றுக்கொள்ளும். ஒரு பருவத்தில் இந்த அலசல் முடியவே மாட்டேன் என்றது. வாளியில் பிடித்துச் சோதித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. திரையில் மட்டும் எண் இறங்கவில்லை. ராயலசீமையின் கோடையில் தண்ணீர் அப்படி வீணாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. சென்சாரைக் கழற்றித் துடைத்தார்கள், டிரான்ஸ்மிட்டரை மாற்றினார்கள், ஒன்றும் ஆகவில்லை. துப்புக் கொடுத்தவர் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர். "அண்ணா, ரிட்டர்ன் பம்பின் வேகத்தைக் கூட்டினால் எண் ஏறுகிறது, குறைத்தால் இறங்குகிறது. தண்ணீர் ஒன்றுதானே?" என்றார்.

அந்தக் கார்டில் நான்கு சேனல்களுக்கும் மைனஸ் பொதுவாக இருந்தது. கண்டக்டிவிட்டி டிரான்ஸ்மிட்டருக்கும் பக்கத்துச் சேனலில் இருந்த ஃப்ளோ மீட்டருக்கும் தனித்தனி மின்சாரம். இரண்டின் வெளியீடும் உள்ளுக்குள்ளேயே எர்த்தோடு தொடர்பு கொண்டிருந்தன. ஆலையின் இரண்டு மூலைகளில் இருக்கும் இரண்டு எர்த்துகள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பம்பின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஓடும்போது இன்னும் விலகும். இரண்டு மைனஸ் கம்பிகளையும் கார்டிலிருந்து கழற்றி, இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பம்பு நின்றிருந்தபோது ஒன்றுமில்லை என்று சொல்லும்படி இருந்த வோல்டேஜ், வேகம் கூடக்கூட ஏறியது. ஃப்ளோ மீட்டரின் கம்பிகள் கழன்றிருக்க, கண்டக்டிவிட்டியை மட்டும் திரும்ப மாட்டியதும் எண் சரியான இடத்துக்கு வந்து நின்றது. இரண்டு எர்த்துக்கும் நடுவே ஓடிய உபரி மின்னோட்டம் பொது மைனஸ் வழியாகக் கார்டுக்குள் புகுந்து அளவைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் நல்ல நேரம், பிழை கூட்டிக் காட்டும் பக்கம் இருந்தது. குறைத்துக் காட்டியிருந்தால் காஸ்டிக் இருக்கும்போதே சுத்தமாகிவிட்டது என்று கணக்காகியிருக்கும்.

அன்றைக்கு, மின்தொடர்பைப் பிரித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஒரு சிக்னல் ஐசோலேட்டர் வைத்துச் சமாளித்தோம். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சேனலுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் பேனலில் இடமும் போகும், பணமும் போகும். நாங்கள் வாங்கிய விலைகளில், நான்கு ஐசோலேட்டருக்குச் செலவாகும் பணத்தில் சேனல்கள் தனித்தனியாகப் பிரிந்த கார்டே வந்துவிடுகிறது. அடுத்த பருவத்துக்கு முன் அப்படியே மாற்றினோம். அதன் பிறகு அலசல் ஒருமுறைகூட இப்படி இழுத்தடிக்கவில்லை. விவரக் குறிப்பில் 'ஐசோலேட்டட்' என்று எழுதியிருந்தாலே நம்பிவிட வேண்டாம். கார்டுக்கும் பிஎல்சிக்கும் நடுவில் மட்டும் பிரிப்பு இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். சேனலுக்கும் சேனலுக்கும் நடுவில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் தனிக் கதை. கூழ் 90 டிகிரிக்கு மேல் சூடேறி, ஹோல்டிங் டியூபில் குறித்த நேரம் அந்தச் சூட்டிலேயே இருந்து, ஆறிய பிறகுதான் பைக்குள் போகும். டியூபின் முடிவில் சூடு குறைந்தால் டைவர்ஷன் வால்வு திரும்பி, கூழைத் தொட்டிக்கே அனுப்பிவிடும். இங்கே அளவு ஒரு டிகிரி ஆடினாலும் வால்வு அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பலர் சொல்லும் வைத்தியம், கார்டின் அமைப்பில் ஃபில்டரை 'ஸ்ட்ராங்' என்று வைப்பது. சில கார்டுகளில் அப்படி வைத்தால் 32 அளவீடுகளின் சராசரியே திரைக்கு வரும். கோடு அழகாக நேராகும். ஆனால் நிஜமாகவே சூடு இறங்கும்போது அந்தச் செய்தி தாமதமாக வரும். தாமதமான அந்த நேரத்தில் போன கூழ் பைக்குள் போனதுதான். சாப்பிடும் பொருளில் இந்தக் குறுக்கு வழியை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வைக்க வேண்டியது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நீக்கம் மட்டும்: ஒவ்வொரு அளவீட்டையும் 20 மில்லிவினாடி, அதாவது நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று, எடுத்துக்கொண்டு செய்வது. சில கார்டுகள் 60 ஹெர்ட்ஸில் அமைந்து வரும். முதல் நாளே பார்த்து மாற்ற வேண்டும்.

மற்றபடி ஆட்டத்துக்கு மருந்து கம்பி வேலையில்தான் இருக்கிறது. எங்கள் ஸ்டெரிலைசரில் சிக்னல் கேபிளும் டிரைவ் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருந்தன. தனி டிரே போட்டு, குறுக்கே போக வேண்டிய இடங்களில் நேர்செங்குத்தாகக் கடக்க விட்டோம். ஜோடியாக முறுக்கிய, ஷீல்டு போட்ட கேபிளாக மாற்றி, ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தோம். மறுமுனையை இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிட்டோம். ஆட்டம் நின்றது. ஃபில்டர் இன்றும் எங்களிடம் 'நோ' என்றுதான் இருக்கிறது.

பிடி100-ஐ நேரே, மின்தடையையே அளக்கும் ஆர்டிடி கார்டுக்குக் கொண்டுவருவதா, சென்சார் தலையிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து 4–20 மில்லியாம்பியர் மின்னோட்டமாகக் கொண்டுவருவதா என்ற கேள்வி எப்போதும் வரும். பேனலுக்குப் பக்கத்தில் இருந்தால் நேரே கொண்டுவரலாம், ஆனால் மூன்று கம்பியாக. இரண்டு கம்பியில் கொண்டுவந்தால் கம்பியின் மின்தடையும் சூடாகவே கணக்கில் சேரும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 40 மீட்டர் போய் 40 மீட்டர் திரும்பினால் ஏறக்குறைய ஒரு ஓம். அது இரண்டரை டிகிரி அதிகமாகக் காட்டும். ஸ்டெரிலைசரில் கூட்டிக் காட்டுவது மிகவும் ஆபத்தான பக்கம். தொலைவில் இருப்பதற்கும் டிரைவ்களைத் தாண்டி வருவதற்கும் 4–20 தான் என் தேர்வு. அதில் பூஜ்யத்துக்கே 4 மில்லியாம்பியர் இருப்பதால், 3.6க்குக் கீழே போனால் கோளாறு என்று தனியே தெரிந்துகொள்ள முடிகிறது. 0–10 வோல்ட் சிக்னலில் அறுந்த கம்பியும் காலித் தொட்டியும் ஒன்றுபோலத் தெரியும்.

பாய்லர் பக்கம் இன்னும் எஸ்7-300 என்ற பழைய சீமென்ஸ் பிஎல்சி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அனலாக் கார்டுகள் சிலவற்றின் பக்கவாட்டில் ஏ, பி, சி, டி என்று எழுதிய சிறு கட்டை ஒன்று சொருகியிருக்கும். தனி மின்சாரம் உள்ள நான்கு கம்பி டிரான்ஸ்மிட்டருக்கு சி, சிக்னல் கம்பியிலேயே மின்சாரம் பெறும் இரண்டு கம்பிக்கு டி. கார்டைத் தண்டவாளத்திலிருந்து கழற்றினால்தான் அது கண்ணில் படும். மென்பொருளில் ஒன்றும் கட்டையில் வேறொன்றுமாக இருந்தால் எண் வராது. பழைய கார்டை மாற்றும்போது கட்டை எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மாம்பழ ஆலைக்கே உரிய தொல்லை எறும்பு. கூழ் தெறித்த இடமெல்லாம் சர்க்கரை. கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்டு தளர்ந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே சிற்றெறும்புக் கூட்டம், டெர்மினல்கள் முழுக்கப் பிசுபிசுப்பு. ஈரமும் சேர்ந்தால் அந்தப் பிசுபிசுப்பு வழியே மின்னோட்டம் கசிந்து அளவு மெதுவாக நகரும். கிளாண்டைப் பெட்டியின் அடிப்புறத்தில் வைத்து, கேபிள் ஒரு வளைவு கீழே இறங்கி ஏறும்படி விட்டால் கழுவும் நீர் வழிந்து உள்ளே போகாது. காலித் துளைகளுக்குக் கட்டாயம் பிளக். கம்பி முனைகளில் 'பின் லக்' என்னும் உலோக முனை அடித்தவை பல பருவம் தாங்குகின்றன. வெறுங்கம்பியாகச் சொருகியவை பச்சை பிடித்து நிற்கின்றன.

பேனல் டெர்மினலில் கத்தி போலத் திறக்கும் வகையைப் போட்டது நல்ல முடிவு. கம்பியைக் கழற்றாமலே மீட்டரைத் தொடரில் வைக்க முடிகிறது. ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஃபியூஸ் உண்டு. முன்பெல்லாம் ஒரு டிரான்ஸ்மிட்டரில் தண்ணீர் புகுந்தால் 24 வோல்ட் மொத்தமும் விழுந்து, எல்லா அளவும் ஒரே நேரத்தில் போகும். இப்போது அந்த ஒன்றோடு நிற்கிறது.

ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில், முதல் லாரி வருவதற்கு முன், பேனல்களுக்கு முழுதாக மின்சாரம் கொடுத்துவிட்டு ஒவ்வொரு லூப்பிலும், அதாவது ஒவ்வொரு சிக்னல் சுற்றிலும், அளவு சரிபார்க்கும் கேலிப்ரேட்டரால் 4, 8, 12, 16, 20 மில்லியாம்பியர் செலுத்தித் திரையில் வருவதை எழுதி வைக்கிறோம். பழைய தாள்களை அடுக்கிப் பார்த்தால் கார்டுகள் நகரவே இல்லை என்று தெரிகிறது. நகர்ந்தவை எல்லாம் வெளியில் இருக்கும் சென்சார்களும் டிரான்ஸ்மிட்டர்களும்தான். அதனால் கையிருப்பாக அதே மாதிரி எண்ணுடைய கார்டு ஒன்று மட்டும் வைத்திருக்கிறோம். மிச்சப் பணத்தில் இந்த ஆண்டு ஸ்டெரிலைசருக்கு 'ஏ' வகுப்பு பிடி100 இரண்டு கூடுதலாகக் கேட்டு எழுதியிருக்கிறேன்.