66 மஸ்டாங்கில் 351 விண்ட்சர்: இடிக்காத ஹெடர் எது?

65, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கில் 289 எஞ்சினை இறக்கிவிட்டு 351 விண்ட்சர் எஞ்சினை (எண்கள் கன இன்ச்சில் கொள்ளளவு) ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். எஞ்சின் உட்கார்ந்துவிடும், கியர்பாக்ஸ் சேர்ந்துவிடும், ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மட்டும் ஸ்டீயரிங் பாக்ஸில் போய் இடிக்கும். என் 66-லும் அதுதான் நடந்தது.

இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின். ஹெடர் போல்ட் ஓட்டைகள்கூட ஒன்றுதான். அதனால் அதே குடும்பத்து 302-க்கு வாங்கி வைத்திருந்த ஹெடர் இதிலும் அழகாகப் பொருந்தும், ஏமாறுவது அங்கேதான். 289, 302 பிளாக்கின் டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் முகம்வரை) சுமார் 8.2 இன்ச், 351 விண்ட்சருக்கு 9.5. கூடுகிற 1.3 இன்ச் 45 டிகிரி சாய்வில் ஏறுவதால், புகை வெளியேறும் போர்ட் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 23 மி.மீ. வெளியே தள்ளி, அதே அளவு மேலேயும் போய்விடுகிறது. ஷாக் டவருக்கும் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கி எஞ்சின் அறைக்குள் துருத்தி நிற்கும் தகடு) ஸ்டீயரிங் பாக்ஸுக்கும் நடுவே அவ்வளவு இடம் ஏது? ஃபோர்டு இந்த எஞ்சினை மஸ்டாங்கில் போட்டதே 1969 மாடலில்தான். பெரிய 390 எஞ்சினுக்காக 1967-லேயே எஞ்சின் அறையை அகலப்படுத்தியிருந்தார்கள். 66-க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே '351 விண்ட்சருக்கு, 65–66 பாடிக்கு' என்று இரண்டும் சேர்த்துச் சொல்லி விற்கிற ஹெடரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

சத்தமில்லாமல், கசியாமல் வருஷக்கணக்கில் கிடக்க வேண்டும் என்றால் ஹெடருக்குப் பதில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு போதும். 351-இன் மூச்சைக் கொஞ்சம் அடைக்கும், அவ்வளவுதான். ஷார்ட்டி ஹெடர் குட்டையானது, எங்கும் இடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். சந்தையில் அதிகம் கிடைப்பவை எண்பதுகளின் ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்குக்காகச் செய்தவை. அந்த எஞ்சின் அறையே வேறு. குட்டைக் குழாய் முடிகிற இடம் சரியாக ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எதிரே வந்தால் குட்டையாக இருந்து என்ன பயன்?

உண்மையான போட்டி லாங் ட்யூப் (நீளக் குழாய்) ஹெடருக்கும் ட்ரை-ஒய் ஹெடருக்கும்தான்.

உயர் ஆர்பிஎம்மில் சக்தி வேண்டும் என்றால் லாங் ட்யூபை மிஞ்ச முடியாது. ஆனால் இந்தக் காரில் அதற்குக் கொடுக்கிற விலை அதிகம். நான்கு குழாய்களும் தனித்தனியாகக் கீழே இறங்கும்போது ஒன்று ஸ்டீயரிங் பாக்ஸை உரசும், இன்னொன்று கிளட்சின் குறுக்குத் தண்டை மறிக்கும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் சிலிண்டரைத் தாழ்த்த தனி பிராக்கெட் போட வேண்டும். வலது பக்கம் ஸ்டார்ட்டர் வெந்து கிடக்கும். வேகத்தடை ஒவ்வொன்றிலும், குழாய்கள் ஒன்று சேரும் கலெக்டர் தட்டும்.

ட்ரை-ஒய்யில் நான்கு குழாய்கள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாகும். நெருக்கடியான இடத்தைத் தாண்டும்போது நான்குக்குப் பதில் இரண்டே குழாய்கள். நடுத்தர ஆர்பிஎம்மில் இழுவையும் நன்றாக இருக்கும். 1965-இன் ஷெல்பி ஜிடி350-யில் வந்ததும் ட்ரை-ஒய்தான். 351-இன் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) வேறாயிற்றே என்று சிலர் தயங்குகிறார்கள். 289-க்கு 1-5-4-2-6-3-7-8, 351-க்கு 1-3-7-2-6-5-4-8. தாளில் எழுதிப் பார்த்தேன்: 1-2, 3-4, 5-7, 6-8 என்று ஜோடி சேர்த்தால் இரண்டு வரிசையிலும் ஜோடிகளுக்குள் 270 டிகிரி இடைவெளி மாறாமல் நிற்கிறது. தெருவில் ஓட்டுகிற காருக்கு என் ஓட்டு இதற்கே.

அப்படியும் என் காரில் ஒரு குழாய் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து 6 மி.மீ. தள்ளித்தான் நின்றது. நின்ற நிலையில் ஓடவிட்டால் சத்தமே இல்லை. இரண்டாவது கியரில் அழுத்தினால் மட்டும் டக டக என்று அடித்தது. கழற்றிப் பார்த்தால் ஸ்டீயரிங் பாக்ஸின் மேல் நாணயம் அளவுக்குப் பெயின்ட் போய்ப் பளபளவென்று ஒரு தேய்மானம். முறுக்குவிசையில் இந்த வி8 ரப்பர் மவுண்டின் மேல் இடது பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டீயரிங்கும் இடப்பக்கமே. அதனால் அங்கே 12 மி.மீ. விட்டால்தான் நிம்மதி.

இந்த இடத்தில் மூன்று வழிகள் சொல்வார்கள். மவுண்டுக்கு அடியில் தகடு வைத்து எஞ்சினைத் தூக்குவது மிக மோசமான வழி: ஏற்கெனவே உயரமான எஞ்சின், பானெட்டில் ஏர் கிளீனர் முட்டும், டிரைவ் ஷாஃப்டின் கோணமும் கெடும். ஷாக் டவரை அறுத்து முன் சஸ்பென்ஷனையே மாற்றினால் இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு ஹெடருக்காகக் காரின் எலும்பை அறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, இடிக்கிற இடத்தில் குழாயை அமுக்கிச் சொட்டை போடுவது. சக்தி போய்விடுமே என்று பயந்தேன். ஆழமில்லாத சொட்டையால் ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கூர்மையாக ஒரே அடியில் குத்தக் கூடாது. கேஸ் டார்ச்சால் குழாயைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கி, உருண்டைக் கம்பியை வைத்து நீளமாக, மேலோட்டமாக அமுக்க வேண்டும். வெல்டிங் இருக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது. செராமிக் கோட்டிங் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், பிறகு செய்தால் கோட்டிங் உரிந்துவிடும்.

அளப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். கார் தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கில் அல்ல. சந்தேகமான இடங்களில் களிமண்ணை ஒட்டி, குழாயை மாட்டி, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, எஞ்சினின் இடது பக்கத்தை மரக்கட்டை வைத்து ஜாக்கால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். களிமண்ணைக் கத்தியால் வெட்டினால் மிச்சமிருக்கும் கனம்தான் உங்கள் இடைவெளி. என்னுடையது இப்போது 13 மி.மீ.